மேலுமலை ஏற்றத்துக்கு ஒரு ஹெடர்

போன வாரம் ஷெட்டுக்கு வந்தபோது உங்களில் ஒருவர் புதிதாக மாட்டிய ஹெடருக்கு வாசலிலேயே ரேஸ் கொடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் வாயெல்லாம் பல்லாக நின்றார். இழுவை எப்படி என்று நம்ம ஆள் கேட்க, அவரும் சூப்பர் என்றார். நின்ற இடத்தில் நிற்கிற வண்டியில் என்ன இழுவையைக் கண்டார்களோ, எனக்குத் தெரியாது. யாரென்று பெயர் சொல்லி மானத்தை வாங்கப் போவதில்லை. ஆனால் இழுவையைக் காதால் அளக்கிற ஆட்களோடு இத்தனை வருடம் மல்லுக்கட்டியவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சத்தத்தைக் கேட்டால் எரிச்சல் வருகிறது. அதனால்தான் இதை எழுதிக் கொடுக்கிறேன். டீ குடிக்கிற நேரத்தில் படித்துவிடுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வண்டிப் புகையை அளக்கிற வேலை பார்த்தேன். அந்தப் பிரிவை வேறு ஊருக்கு மாற்றியபோது நான் போகவில்லை. நாகராஜ் அப்போதுதான் ஜூஜுவாடியில் இந்த ஷெட்டை ஆரம்பித்திருந்தார், இங்கே வந்து சேர்ந்தேன். சைலன்சர், ஹெடர் வேலையெல்லாம் அவர் பொறுப்பு. புகை பார்க்கும் மெஷினும் அதற்கான சான்றும் என் பொறுப்பு. முதலாளி அவர்தான், ஆனால் சான்று போடுகிற கை என்னுடையது என்பதால் எங்களுக்குள் தினம் ஒரு சண்டை நடக்கும். ஷெட்டில் எல்லாரும் முகத்துக்கு நேரே என்னை மேடம் என்றும் முதுகுக்குப் பின்னால் புகையம்மா என்றும் கூப்பிட்டார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஹெடர் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். வாடிக்கையாளருக்குப் புரிகிற மாதிரி சொல்லத் தெரியுமா என்றால் சந்தேகம்தான். இன்ஜினின் நாலு சிலிண்டரிலிருந்தும் எரிந்த காற்று வெளியே வர நாலு வாய் உண்டு. அங்கே கம்பெனி வார்ப்பு இரும்பில் ஒரு மேனிஃபோல்டு வைத்திருக்கும். அதை எடுத்துவிட்டு, ஒவ்வொரு வாய்க்கும் தனிக் குழாய் வைத்து, கீழே கொண்டுபோய் ஒன்றாகச் சேர்ப்பதுதான் ஹெடர். குழாய் தடியாகவும் குட்டையாகவும் இருந்தால் இன்ஜின் அலறிக்கொண்டு சுற்றும்போதுதான் பலன் தெரியும். ஒல்லியாக, நீளமாக, முதலில் இரண்டிரண்டாகவும் அப்புறம் ஒன்றாகவும் சேர்ந்தால் மெதுவாகச் சுற்றும்போதே இழுவை கிடைக்கும். பாரம் ஏற்றுகிறவருக்கு வேண்டியது ஒல்லி. வாங்க வருகிறவரின் கண்ணுக்குப் பிடிப்பது தடி. பளபளவென்று கண்ணாடி மாதிரி மின்னுகிற குழாயைக் காட்டினால் யாருக்குத்தான் ஆசை வராது.

இந்தச் சத்த மயக்கத்துக்கு என் பழைய பரிசோதனைக் கூடத்து மேற்பார்வையாளர் ஒரு வழி வைத்திருந்தார். வண்டியை ஓட்டிப் பார்க்கப் போவதற்கு முன் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொள்வார். சத்தம் ஓட்டுகிறவனுக்கு லஞ்சம் கொடுக்கும், அதை வாங்கிக்கொண்டு தீர்ப்பு எழுதக் கூடாது என்பார். காதை அடைத்துக்கொண்டு, பாரம் ஏற்றி, ஏற்றத்தில் ஓட்டி, எந்த கியரில் வண்டி தாக்குப்பிடித்து ஏறுகிறது என்று மட்டும் பார்ப்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் சிரிப்போம். நானும் சிரித்தவள்தான். பிறகு நானே மேசை இழுப்பறையில் ஒரு பஞ்சுச் சுருள் வைத்துக்கொண்டேன்.

சட்டத்தைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது, கொட்டாவி விடாமல் படியுங்கள். வண்டி எந்த மாசுத் தரத்தில் பதிவானதோ, கடைசி நாள் வரை அந்தத் தரத்தில்தான் ஓட வேண்டும். புகையில் இருக்கும் விஷத்தைச் சுட்டுக் குறைக்கிற கன்வெர்ட்டர் டப்பாவை எடுக்கக் கூடாது. புதிய வண்டிகளில் மேனிஃபோல்டும் கன்வெர்ட்டரும் ஒட்டியே வருகின்றன, அவற்றில் ஹெடர் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். கன்வெர்ட்டர் தனியாகக் கீழே இருக்கிற பழைய பெட்ரோல் வண்டிகளில்தான் நமக்கு வேலை. அங்கும் அந்த இன்ஜினுக்கென்று ஒப்புதல் சான்றோடு வருகிற ஹெடர்தான் மாட்ட வேண்டும். கன்வெர்ட்டரும் சென்சாரும் கம்பெனி வைத்த இடத்திலேயே இருக்க வேண்டும். மாட்டுவதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மாட்டிய பிறகு போய்க் கேட்டால் கிடைக்கிற பதில் வேறு மாதிரி இருக்கும்.

எல்லையில் கடை வைத்திருப்பதால் நமக்கென்று ஒரு தனி வியாதி உண்டு. தமிழ்நாட்டு வண்டிக்கு கர்நாடகத்து அத்திப்பள்ளிப் பக்கம் போய் வேலை செய்தால் இங்கே யாரும் கேட்க மாட்டார்கள் என்பார்கள். அந்தப் பக்கத்து வண்டிக்காரர்கள் இதையே திருப்பிச் சொல்லிக்கொண்டு நம்மிடம் வருவார்கள். நடுவில் ஒரு சோதனைச் சாவடி இருந்துவிட்டால் புகைக்கும் ஊர் மாறிவிடும் என்று நினைப்பு. சவரிமுத்துவும் அப்படித்தான் நினைத்தார்.

சவரிமுத்து காவேரிப்பட்டினத்துக்காரர். சொந்தமாகப் பழைய பெட்ரோல் வேன் ஒன்று வைத்திருந்தார். விடியற்காலையில் அங்கிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு, கிருஷ்ணகிரி தாண்டி, மேலுமலை ஏறி, சூளகிரி, ஓசூர் வழியாக நம் ஷெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கம்பெனியின் முதல் ஷிஃப்டுக்குக் கொண்டுவந்து விடுவார். பிற்பகலில் திரும்ப அழைத்துப் போவார். அந்த ஒப்பந்தம்தான் அவர் வீட்டுச் சோறு. அவருடைய ஒரே மகள் ஜெனிட்டாவும் அதே கம்பெனியில்தான் வேலை பார்த்தாள், அதே வேனில்தான் வந்து போனாள்.

மேலுமலை உங்களில் பைக்கில் போகிறவர்களுக்கு ஒரு ஏற்றமாகவே தெரியாது. இருக்கை நிறைய ஆட்களோடு, முன்னால் ஒரு சிமெண்ட் லாரி ஊர்ந்து போக, சின்ன இன்ஜினை வைத்துக்கொண்டு ஏறிப் பாருங்கள், தெரியும். சவரியின் வேன் அங்கே இரண்டாவது கியரில் முக்கி முனகிக்கொண்டு ஏறும். கம்பெனி கேட் மூடிய பிறகு போய் நின்றால் அந்தப் பெண்களுக்கு அரை நாள் விடுப்பு விழும். இரண்டு மூன்று தடவை அப்படி ஆனதும் கம்பெனியின் போக்குவரத்து அதிகாரி சவரியைக் கூப்பிட்டு, இனியும் தாமதமானால் வேறு வண்டி வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்.

அதற்கு மறுநாள் அவர் கையில் ஒரு ஹெடரோடு நம் ஷெட்டில் வந்து நின்றார். பெங்களூரில் வாங்கியதாம். தடித் தடியாக நாலு குட்டைக் குழாய்கள், எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தன. கன்வெர்ட்டர் இருக்க வேண்டிய இடத்துக்கு வெறும் நேர்க்குழாய் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். ஒப்புதல் சான்று என்று கேட்டேன், கவரைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அந்த டப்பாவ எடுத்துட்டா காத்து தாராளமா போயி வண்டி பிச்சுக்கும்னு சொன்னாங்க அக்கா. இன்னிக்கே மாட்டிக் குடுங்க."

நான் இது பந்தயத்துக்கு ஓட்டுகிறவர்கள் மாட்டுவது, உங்கள் ஏற்றத்துக்கு இருக்கிற இழுவையும் போய்விடும் என்றேன். டப்பாவை எடுப்பது சட்டப்படி தப்பு, எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குப் போனால் வண்டியை நிறுத்திவிடுவார்கள் என்றேன். ஒப்புதல் உள்ள ஒல்லிக் குழாய் ஹெடர் ஒன்று இந்த இன்ஜினுக்கு இருக்கிறது, வர ஒரு வாரம் ஆகும், அதற்குள் ஏர் ஃபில்டரையும் கிளட்சையும் பார்த்துவிடலாம், பாதி நோய் அங்கேயே இருக்கும் என்றும் சொன்னேன். ஒரு வாரம் என்றதும் அவர் முகம் இறுகியது. அந்த ஒரு வாரத்தில் ஒப்பந்தம் போய்விடும் என்று பயந்தார். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

நாகராஜ் இடையில் புகுந்து, இப்போதைக்கு இதை மாட்டிவிடலாம், எஃப்.சி. வரும்போது பழையதை மாட்டிக் காட்டிவிட்டு மறுபடி இதை மாட்டிக்கொள்ளட்டுமே என்று சமாதானம் சொன்னார். ஊரெல்லாம் செய்கிற வேலைதான். அப்படியானால் சான்றையும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் சத்தம் போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே டீக்கடைப் பக்கம் நழுவிவிட்டார். சவரி ஹெடரைக் கோணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, உங்ககிட்ட வந்ததே என் தப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. அத்திப்பள்ளிப் பக்கம் ஏதோ ஒரு ஷெட்டில் அதை மாட்டிக்கொண்டு, நம் வாசலில் வந்து வேண்டுமென்றே ஒரு ரேஸ் கொடுத்தார். கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். அதற்கப்புறம் கேட்டுக்குத் தாமதமே ஆகவில்லை என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். என் கணக்கு தப்பாகிவிட்டதோ, ஒரு மனிதரை வீணாக அலைக்கழித்துவிட்டேனோ என்று கொஞ்ச நாள் மண்டையைக் குடைந்தது.

மாம்பழ சீசன் முடியும் சமயம், ஒரு சனிக்கிழமை பிற்பகல், ஷிஃப்டு முடிந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற வழியில் வேனை நம் ஷெட்டுக்குள் விட்டார். திங்கட்கிழமை கம்பெனியில் எல்லா ஒப்பந்த வண்டிகளையும் பார்க்கப் போகிறார்களாம், புகைச் சான்று வேண்டுமாம். முன்பு வீம்பாகப் போனவர் அன்று பணிவாகப் பேசினார். மெஷினைப் போடவே வேண்டாம், சத்தமே சொல்கிறது, டப்பா இல்லாத வண்டிக்கு நான் சான்று போட மாட்டேன் என்றேன். அவர் விடவில்லை. நாங்கள் இருவரும் வாக்குவாதம் செய்துகொண்டிருக்க, பெண்கள் இறங்கி நிழலுக்கு வந்தார்கள்.

ஜெனிட்டா பெஞ்சில் உட்கார்ந்தாள். புதிதாகக் கண்ணாடி போட்டிருந்தாள். பேச்சை மாற்றுவதற்காகத்தான் கேட்டேன், கண்ணாடி நன்றாக இருக்கிறதே, எப்போது போட்டாய் என்று. தலைவலிக்காக அப்பா கூட்டிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டார், போட்டும் வலி நிற்கவில்லை என்றாள். சவரி குறுக்கே விழுந்து சிரித்தார்.

"அதெல்லாம் வேலைக்குப் போகச் சோம்பேறித்தனம் அக்கா. ஞாயித்துக்கிழமை ஒண்ணும் இருக்காது, பூசைக்கு முதல் ஆளா கெளம்பும். திங்கக்கிழமை கம்பெனி வாசல்ல இறங்கறப்பவே தலையப் புடிச்சுக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் வேனில் ஏறுவதில்லை. கோயிலுக்கு நடந்துதான் போவார்கள்.

வலி எப்போது தொடங்குகிறது, எப்போது போகிறது என்று கேட்டேன். காலையில் இறங்கும்போது அதிகமாக இருக்கும், மதியத்துக்குள் தானாகப் போய்விடும் என்றாள். எந்த சீட்டில் உட்காருவாய் என்று கேட்டேன். சொந்த வண்டி என்பதால் மற்றவர்களுக்கு முன்னால் இடம் விட்டுவிட்டு எப்போதும் கடைசி சீட்டில்தான் உட்காருவாளாம். மேலுமலை வருவதற்குள் தூங்கிவிடுவாளாம். பக்கத்தில் நின்ற ஒரு பெண் அதைக் கேட்டுவிட்டு, ஜெனிட்டா விடுப்பில் இருந்த அன்று தான் பின்னால் உட்கார்ந்ததையும், சூளகிரி வருவதற்குள் வாந்தி எடுத்ததையும் சொன்னாள். வெறும் வயிற்றில் ஏறியதால் வந்தது என்று நினைத்துக்கொண்டாளாம். பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் கையில் ஒரு காரணம் தயாராக இருந்தது. கண் பார்வை, சோம்பேறித்தனம், வெறும் வயிறு. யாரும் பொய் சொல்லவில்லை.

நான் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். சத்தம் நன்றாக வர வேண்டும் என்று சைலன்சர் வாலைப் பின்பக்கம் வரை விடாமல் பாதியிலேயே வெட்டியிருந்தார்கள். புகை வெளியே வருகிற வாய் சரியாகக் கடைசி சீட்டுக்கு அடியில் இருந்தது. தரைத் தகட்டில் ரப்பர் மூடி ஒன்று கழன்று விழுந்து, ஓட்டை திறந்து கிடந்தது. விடியற்காலையில் நம் ஊர்க் குளிர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். எல்லா ஜன்னலையும் இறுக்கச் சாத்திக்கொண்டு, தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு தூங்கிக்கொண்டு வருவார்கள். டப்பா இல்லாத இன்ஜின், ஏற்றத்தில் முழு பாரத்தோடு முக்கும்போது கார்பன் மோனாக்சைடு என்கிற விஷக் காற்றைக் கொட்டும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை.

புகை மெஷினின் குழாயை வழக்கமாக வாலில்தான் சொருகுவோம். அன்று வெளிக்காற்றில் மெஷினைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, குழாயை வேனுக்குள் எடுத்துப் போய், கடைசி சீட்டில் உட்கார்ந்தால் தலை வருகிற உயரத்தில் கட்டினேன். ஜன்னல்களைச் சாத்தச் சொன்னேன். சவரி தன் பக்கத்து ஜன்னலை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, ஏற்றத்தில் கொடுக்கிற மாதிரி ஆக்சிலரேட்டரை அழுத்தினார். அந்த மெஷின் வாலில் வருகிற புகைக்காகச் செய்தது. மனிதர் உட்காருகிற காற்றில் அதன் எண் பூஜ்யத்தை விட்டு அசையவே கூடாது. அசைந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போனது, நிற்கிற பாடாக இல்லை. ஆஃப் பண்ணுங்கள் என்று கத்தினேன்.

மெஷின் தப்பாகக் காட்டுகிறது என்றார் சவரி. அவர் இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நான் வாதாடவில்லை. குழாயை வெளியே எடுத்துக் காற்றில் பிடித்தேன், எண் பூஜ்யத்துக்கு வந்தது. மறுபடி உள்ளே அதே இடத்தில் வைத்தேன், மறுபடி ஏறியது. அவர் குழாய் கட்டியிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, பெஞ்சில் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார். அப்படியே வேன் படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகையும் வந்தது, அந்த அத்திப்பள்ளிக்காரன் மேல் கொலைவெறியும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு பெண்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன்.

இனிமேல்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த இடம். கண்டுபிடிக்கிற வரை வேலை சுலபம். மெஷின் இருக்கிறது, எண் சொல்லிவிடும். அதற்கப்புறம் நாலு பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடிவு எடுக்க வேண்டுமே, அங்கேதான் பலர் நழுவிவிடுவார்கள்.

பழைய மேனிஃபோல்டும் டப்பாவும் எங்கே என்று கேட்டோம். மாட்டிய ஷெட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். நாகராஜ் போன் போட்டுக் கேட்டார். டப்பாவைக் கழற்றிய அன்றே விற்றுவிட்டார்களாம், உள்ளே இருக்கிற விலை உயர்ந்த உலோகத்துக்காக அதை வாங்க எல்லைப் பக்கம் ஆட்கள் அலைகிறார்களே, உங்களுக்குத் தெரியாததா. புது டப்பாவும் சரியான ஹெடரும் வர ஒரு வாரம் ஆகும். திங்கட்கிழமை வண்டி போகவில்லை என்றால் ஒப்பந்தம் அன்றோடு முடிந்தது. சவரிக்கு அது தெரியும், எங்களுக்கும் தெரியும்.

நாகராஜ் ஒரு வழி சொன்னார். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். தரை ஓட்டையை இப்போதே அடைத்துவிடலாம், வாலைப் பின்பக்கம் வரை நீட்டி வெல்டு வைத்துவிடலாம், ஒரு வாரத்துக்குக் கடைசி சீட்டைக் காலியாக விட்டு, ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டட்டும். எல்லாம் ஒரு மணி நேர வேலை, சான்றுக்கு மட்டும் கம்பெனியில் ஒரு வாரம் தவணை கேட்டுக்கொள்ளட்டும். "ஏனூ ஆகல்லம்மா" என்றார். ஒன்றும் ஆகாது என்று கன்னடத்தில் சொன்னால் எனக்குக் கோபம் வராது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. சவரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனிதருக்கு உயிர் வந்திருக்கும்.

எனக்கும் சரி என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் நீட்டிய வாலிலிருந்து வருகிற புகை, மெதுவாக ஏறுகிற வண்டியின் பின்கதவு இடுக்கில் உறிஞ்சப்பட்டு உள்ளே வருமா வராதா என்று எனக்குத் தெரியாது. ஷெட்டில் நிறுத்தி வைத்து அதை அளக்கவும் முடியாது. ஒருவேளை ஒன்றும் ஆகாமலே இருந்திருக்கலாம். இன்று வரை எனக்கு அது தெரியாது. தெரியாததை, தூங்கிக்கொண்டு வருகிற ஆட்களை ஏற்றிவைத்துச் சோதிக்க எனக்கு மனம் வரவில்லை. அதைத்தான் சொன்னேன். எனக்குத் தெரியாது, தெரியாத வண்டியை நான் விட மாட்டேன் என்றேன்.

ஜன்னல் திறந்திருந்தால் போதாதா என்று சவரி கேட்டார். அதற்குப் பதில் சொன்னது நான் இல்லை, ஜெனிட்டா.

"தொறந்து வெச்சா யாராவது மூடிருவாங்கப்பா. நானே மூடிருவேன். அந்தக் குளுரு அப்படி."

சவரி போனை எடுத்து, எங்கள் எல்லார் முன்னாலும் போக்குவரத்து அதிகாரியைக் கூப்பிட்டார். வண்டி ரிப்பேர் என்று ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். பாட்டி செத்துப்போனாள் என்று சொல்கிற ஓட்டுநர்கள் எத்தனை பேர். நானும் அப்படி ஏதாவது சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"சார், திங்கக்கிழமை என் வண்டி வராது. வண்டிக்குள்ள புகை வருது சார். என் பொண்ணுக்கே ஆயிருக்கு. நம்ம கம்பெனி புள்ளைங்கள எல்லாம் ஆஸ்பத்திரியில ஒரு தடவ காட்டிருங்க சார்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. சரிங்க சார், சரிங்க சார் என்று இவர் சொன்னதுதான் கேட்டது. போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, வேற வண்டி பாத்துக்கறாங்களாம் என்றார். சாவியை என் மேசையில் வைத்தார். நாகராஜ் சாலையில் இறங்கி, ஷேர் ஆட்டோக்களை மறித்து மற்ற பெண்களை ஓசூர் பேருந்து நிலையத்துக்கு ஏற்றி அனுப்பினார். அவரைப் பற்றி இவ்வளவு திட்டிவிட்டேன், இதையும் சொல்ல வேண்டும்.

அன்றே ஜெனிட்டாவையும் வாந்தி எடுத்த அந்தப் பெண்ணையும் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். நல்ல வேளை, அந்தக் காற்றிலிருந்து விலகினாலே சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த வாரமே தலைவலி போன இடம் தெரியவில்லை. மருத்துவமனை வாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான் சவரி எனக்கு இன்னொன்றைச் சொன்னார். புது ஹெடர் மாட்டிய நாளிலிருந்து, பயத்தில், வீட்டிலிருந்து முன்கூட்டியே கிளம்பிக்கொண்டிருந்தாராம். கேட்டுக்கு நேரத்தில் வந்தது அதனால்தான். ஹெடரால் வந்தது என்று அவரும் நம்பினார், ஊரும் நம்பியது. உண்மையில் மேலுமலையில் வண்டி முன்னைவிட மோசமாகத்தான் ஏறியது, சத்தத்தில் அது தெரியவில்லை. என் மண்டைக் குடைச்சலுக்கு மருந்து அங்கே கிடைத்தது. சந்தோஷப்படுகிற நிலையில்தான் நான் இல்லை.

சரியான ஹெடர் வந்ததும் ஒழுங்காகச் செய்தோம். முதலில் ஏர் ஃபில்டரையும் கிளட்ச் பிளேட்டையும் மாற்றினோம். பிறகு ஒப்புதல் சான்றோடு வந்த ஒல்லிக் குழாய் ஹெடர், புது கன்வெர்ட்டர், அதனதன் இடத்தில் சென்சார், பின்பக்கம் வரை நீளமான வால், தரை ஓட்டைக்கு மூடி. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டுதான் கையை வைத்தோம். சீட்டுகளில் அரிசி மூட்டைகளை அடுக்கி, மேலுமலைக்கு எடுத்துப் போனோம். என் காதிலும் பஞ்சு, சவரி காதிலும் பஞ்சு. பெரிய அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை, ஹெடர் மலையைப் பெயர்க்காது. முன்பு இரண்டாவது கியருக்கு இறங்கிய இடத்தில் மூன்றாவதிலேயே ஏறியது, அவ்வளவுதான். ஒரு ஷிஃப்டைப் பிடிக்க அது தாராளமாகப் போதும். ஏற்றத்தின் உச்சியில் சவரி வண்டியை ஓரம் கட்டிவிட்டு, இந்த வண்டி அன்னிக்கு இருந்திருந்தா என்று மட்டும் சொன்னார். அந்த ஷிஃப்டு அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டது.

அதற்கப்புறம் அவர் கல்யாணச் சவாரி, வேளாங்கண்ணிச் சவாரி என்று கிடைத்ததை ஓட்டினார். சவாரி இல்லாத நாட்களில் நம் டீக்கடையில் வந்து உட்காருவார். நான் செய்தது சரிதான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அவர் அப்படி வந்து உட்காருகிற நாளில் அந்தப் பக்கம் டீ குடிக்கப் போக எனக்குக் கால் வராது. சரியான முடிவு எடுத்தால் நிம்மதியாகத் தூக்கம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரு நாள் பிற்பகல் அவர் வேன் ஷெட்டுக்குள் வந்தது. அதன் பின்னால் இன்னொரு வேனும் வந்து நின்றது. அதை ஓட்டி வந்தவர் சூளகிரிப் பக்கத்து ஆள், இளவயசு. கம்பெனியில் சவரியின் இடத்துக்கு வந்தவர். சவரி நேராக என்னிடம் வந்தார்.

"இந்த வண்டியப் பாக்கணும் அக்கா. குழாய வால்ல அப்புறம் வைங்க. முதல்ல உள்ள வெச்சுப் பாருங்க."

அந்த ஓட்டுநருக்கு எதுவும் பிடிக்கவில்லை. ஏதோ அவசரம் என்று கூட்டிவந்துவிட்டு இது என்ன கூத்து என்று தெலுங்கும் தமிழுமாகக் கேட்டார். என் வண்டியில் இவருக்கு என்ன வேலை, ஒப்பந்தம் கைவிட்டுப் போன வயிற்றெரிச்சலா என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சவரி என்னைக் கையால் தடுத்தார். அவருக்குக் கோபமே வரவில்லை.

"ஒப்பந்தம் உங்களுதுதான் தம்பி. அது போனது போனதுதான். உங்க வண்டியில வர்றவங்கள்ல ஒண்ணு என் பொண்ணு."

அந்த ஆள் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார்.